பாகிஸ்தான் கோர்ட் கொடுத்த ஜாமீனை நம் மக்களவை கண்டித்ததால் என்ன ஆயிற்று?

கேள்வி இதுதான்: மும்பைத் தாக்குதல் வழக்கில் லக்விக்கு 2014இல் ஜாமீன் கிடைத்தபோது நம் மக்களவை கண்டனத் தீர்மானம் போட்டதே, அதற்குச் சட்டப்படி ஏதாவது மதிப்பு உண்டா, இல்லை வெறும் வாய்ச்சவடாலா? கேட்டவரின் ஆதங்கம் இன்னும் கொஞ்சம் ஆழத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். 166 பேர் கொல்லப்பட்ட வழக்கு எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டே போகும்போது, இந்தப் பக்கம் உள்ள நாடாளுமன்றத்தால் என்னதான் செய்ய முடியும் என்பதே அவர் உண்மையில் கேட்பது. பல வருடங்களாக செஷன்ஸ் கோர்ட்டுகளில் குற்றவியல் வழக்கு நடத்தி வருபவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். வெளியுறவுக் கொள்கை என் துறை அல்ல. ஆனால் இந்த விவகாரத்தின் முடிச்சு விழுந்திருப்பது ஒரு விசாரணை நீதிமன்றத்துக்குள்ளே என்பதால் எனக்குச் சொல்ல விஷயம் இருக்கிறது.

முதலில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2008 நவம்பர் 26 தாக்குதலை இயக்கியவர் என்று இந்தியா சொல்லும் லஷ்கர்-இ-தொய்பா என்ற பயங்கரவாத அமைப்பின் தளபதி ஜகியுர் ரஹ்மான் லக்வி, அடுத்த மாதமே முசாபராபாத் அருகே பிடிபட்டார். டிசம்பர் 10இல் ஐ.நா. தடைப் பட்டியலிலும் அவர் பெயர் ஏறியது. அவர் மீதும் வேறு ஆறு பேர் மீதும் 2009 நவம்பரில் குற்றச்சாட்டு வனையப்பட்டது. அப்புறம் ஐந்து வருடம் வாய்தா, வாய்தா, வாய்தா. 2014 டிசம்பர் 16இல் பெஷாவர் ராணுவப் பள்ளிக்குள் புகுந்து நூற்றுமுப்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் தாலிபான் கொன்றது. அந்த ரத்தம் காய்வதற்குள், 18ஆம் தேதி, இஸ்லாமாபாத் பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் லக்விக்கு ஜாமீன் கொடுத்தது. முந்தைய நாள்தான் நம் ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகள் பெஷாவருக்காக எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தியிருந்தார்கள். 19ஆம் தேதி பிரதமர் மோடி மக்களவையில் அதிர்ச்சி தெரிவித்தார். கட்சி வேறுபாடு இல்லாமல் கண்டனத் தீர்மானம் நிறைவேறியது.

இத்தகைய தீர்மானம் எப்படி நிறைவேறுகிறது என்று பார்த்தால் அதன் எடை பாதி புரிந்துவிடும். மசோதாவுக்கு உள்ள மூன்று வாசிப்பு, திருத்தம், குழு, வாக்கெடுப்பு எதுவும் இதற்குக் கிடையாது. கட்சித் தலைவர்கள் கலந்து பேசி வாசகத்தை முடிவு செய்வார்கள். சபாநாயகர் தன் இருக்கையிலிருந்து அதை வாசித்து, சபை ஒருமனதாக ஏற்பதாக நம்புகிறேன் என்பார். மேஜைகள் தட்டப்படும். அவ்வளவுதான், அடுத்த அலுவலுக்குப் போய்விடுவார்கள். நெருக்கடி நிலைப் பிரகடனத்துக்கு ஒப்புதல் தரும் தீர்மானம் என்றால் அரசியல் சாசனமே அதைக் கேட்கிறது; அது இல்லாவிட்டால் பிரகடனம் செத்துவிடும். சபாநாயகர் வாசிக்கும் கண்டனத் தீர்மானத்துக்கு அப்படி எந்தச் சட்டப் பின்விளைவும் இல்லை. இது சபையின் கருத்து, நம் அரசுக்கு ஒரு வேண்டுகோள். இஸ்லாமாபாத் நீதிபதியை அது கட்டுப்படுத்தாது என்பது இருக்கட்டும், டெல்லியில் உள்ள வெளியுறவு அமைச்சரைக்கூட சட்டப்படி கட்டுப்படுத்தாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சரி, அப்படியானால் வெறும் சத்தம்தானா? அதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2014 தீர்மானத்தின் மையம், மும்பை வழக்கைப் பாகிஸ்தான் அரசு முடிவுவரை கொண்டுபோகும்படி நம் அரசு எல்லா முயற்சியும் எடுக்க வேண்டும் என்பது. அதாவது காகிதம் பாகிஸ்தானைப் பார்த்து எழுதப்பட்டிருந்தாலும், வேலை ஒப்படைக்கப்பட்டது நம் அரசிடம். 2008 டிசம்பர் 11 தீர்மானமும் இப்படித்தான்: தாக்கியவர்கள், பயிற்சி கொடுத்தவர்கள், பணம் கொடுத்தவர்கள் எல்லோரும் நீதியின் முன் நிறுத்தப்படும்வரை இந்தியா ஓயாது என்றது. 1994 பிப்ரவரி 22இல் காஷ்மீர் பற்றிப் போட்ட தீர்மானத்தை இன்றுவரை எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் எடுத்துக் காட்டுகிறார்கள். சட்டம் கட்டாவிட்டாலும் பேச்சு கட்டுகிறது. பிறகு வருகிற எந்த அரசும் அதிலிருந்து இறங்கிவந்து பேச முடியாது.

இன்னொரு நாட்டு நீதிமன்றத்தை நாம் கண்டிக்கலாமா என்பது நியாயமான சங்கடம். ஏனென்றால் 2014க்குச் சரியாக ஒரு வருடம் ஒன்பது மாதம் முன்பு இதே ஆட்டத்தில் நாம் எதிர்ப்பக்கம் இருந்தோம். நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் அப்சல் குரு 2013 பிப்ரவரி 9இல் தூக்கிலிடப்பட்டார். மார்ச் 14இல் பாகிஸ்தான் தேசிய சபை அதைக் கண்டித்து, உடலைக் குடும்பத்திடம் கொடுக்கும்படி தீர்மானம் போட்டது. மறுநாளே நம் இரு அவைகளும் அதை நிராகரித்து, இது எங்கள் உள்விவகாரம், தலையிடாதே என்று பதில் தீர்மானம் போட்டன. அன்று அப்படிச் சொன்னவர்கள் அடுத்த வருடம் அவர்கள் நீதிபதியின் உத்தரவைக் கண்டிப்பது இரட்டை வேடம் இல்லையா?

முழுக்க இல்லை. அப்சல் குரு இந்தியர், குற்றம் நடந்தது டெல்லியில், செத்தவர்கள் இந்தியர்கள், விசாரித்ததும் இந்திய நீதிமன்றம். பாகிஸ்தானுக்கு அதில் சட்டப்படி எந்த ஒட்டுறவும் கிடையாது. மும்பையில் குற்றம் நடந்த மண் நம்முடையது, செத்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள், திட்டம் தீட்டப்பட்ட இடம் மட்டும் அவர்களுடையது. பயங்கரவாதத்துக்குத் துணைபோனவர்களை நீதியின் முன் நிறுத்துவது ஒவ்வொரு நாட்டின் கடமை என்று 2001 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்புச் சபையின் 1373ஆம் தீர்மானம் சொல்லிவிட்டது. அந்தக் கடமையை நினைவூட்டும் உரிமை பாதிக்கப்பட்ட நாட்டுக்கு உண்டு. ஆனால் விசாரணையை முடி என்று ஓர் அரசிடம் கேட்பது ஒன்று, ஜாமீன் உத்தரவு தப்பு என்று தீர்ப்பெழுதுவது வேறொன்று. முதலாவது நம் உரிமை. இரண்டாவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

ஏன் என்று விளக்கினால்தான் வழக்கின் உள்ளே போக முடியும். ஜாமீன் விடுதலை இல்லை. வழக்கு முடியும்வரை வெளியே இருக்கும் அனுமதி. ஆறு வருடம் சிறையில் வைத்தும் வழக்கு பாதிகூட நகரவில்லை என்றால், எந்த ஊர் வக்கீலும் அதைத்தான் முதல் வாதமாக வைப்பார். ஊபா எனப்படும் நம் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிலேயே, விசாரணை அளவுக்கு மீறி இழுத்தால் ஜாமீன் தரலாம் என்று 2021 பிப்ரவரியில் நம் உச்ச நீதிமன்றம் கே.ஏ. நஜீப் வழக்கில் சொல்லியிருக்கிறது. லக்விக்கு ஜாமீன் கிடைத்தது என்னைக் கோபப்படுத்தவில்லை. அதற்குள் அந்த வழக்கை முடிக்கவில்லை என்பதுதான் கோபப்படுத்துகிறது. மேஜையைத் தட்டியவர்கள் தட்டியிருக்க வேண்டியது அதற்காக.

வழக்கு ஏன் நகரவில்லை? பாகிஸ்தானுக்கு மனமில்லை என்பது எல்லோரும் சொல்லும் பதில். அதில் உண்மை உண்டு. ஆனால் ஒரு கோப்பைக் கையில் எடுத்துப் பார்ப்பவனுக்கு வேறு சில ஓட்டைகளும் தெரியும். இந்தியா கொடுத்த ஆதாரத்தில் பெரியது, தாக்க வந்தவர்களில் ஒருவனான கசாபின் வாக்குமூலம். மும்பை மாஜிஸ்திரேட் முன் கொடுத்தது, லக்வியின் பெயர் அதில் இருக்கிறது. படிப்பவருக்கு அது போதும் என்று தோன்றும். கோர்ட்டில் போதாது. ஒரு குற்றவாளியின் ஒப்புதல் வாக்குமூலத்தை இன்னொருவருக்கு எதிராகப் பார்க்கவேண்டுமானால் இருவரும் ஒரே வழக்கில் சேர்ந்து விசாரிக்கப்பட வேண்டும் என்பது நம் பழைய சாட்சியச் சட்டத்தின் 30ஆம் பிரிவு. பாகிஸ்தான் 1984இல் புதிய சாட்சியச் சட்டம் கொண்டுவந்தாலும், அதன் வேர் வெள்ளைக்காரன் 1872இல் போட்ட அதே சட்டம்தான். இந்த விதி அங்கும் இருக்கிறது. கசாப் விசாரிக்கப்பட்டது மும்பையில், லக்வி ராவல்பிண்டி அடியாலா சிறைக்குள். இரண்டும் தனித்தனி வழக்கு. இதே நிலைமை ராமநாதபுரம் கோர்ட்டில் வந்திருந்தாலும் எதிர்த்தரப்பு வக்கீல் இதையே சொல்லியிருப்பார்.

அடுத்தது குறுக்கு விசாரணை. 2012 மார்ச்சில் பாகிஸ்தான் நீதிக் குழு மும்பைக்கு வந்தது. வாக்குமூலம் பதிந்த மாஜிஸ்திரேட், புலனாய்வு அதிகாரி, பிரேதப் பரிசோதனை செய்த இரண்டு மருத்துவர்கள் ஆகிய நான்கு பேரின் சாட்சியத்தைப் பதிவு செய்தது. ஆனால் குறுக்கு விசாரணை கூடாது என்பது இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாடு. ஊருக்குப் போனதும் எதிர்த்தரப்பு எழுந்து, கேள்வி கேட்கவே விடாமல் எடுத்த சாட்சியம் எங்களை எப்படிக் கட்டும் என்றது. நீதிமன்றம் அந்த அறிக்கையை ஓரம்கட்டிவிட்டது. இது நடக்கும் என்று எந்த ஜூனியர் வக்கீலும் முன்கூட்டியே சொல்லியிருப்பார்! 2013 செப்டம்பரில் குழு மறுபடி வந்து, இந்த முறை குறுக்கு விசாரணையும் செய்தது. நாலு சாட்சிக்கு ஒன்றரை வருடம். இடையில், 2012 நவம்பர் 21இல் எரவாடா சிறையில் கசாபைத் தூக்கிலிட்டாயிற்று. தண்டனை சரியே. ஆனால் அந்தக் கடலைக் கடந்து வந்த பத்துப் பேரில் உயிரோடு சிக்கிய ஒரே ஆளிடம் இனி எந்த நீதிமன்றமும் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாது. பாகிஸ்தான் தரப்பிலும் ஓர் இழப்பு: வழக்கை நடத்திவந்த அரசு வக்கீல் சௌத்ரி சுல்பிகர் அலியை 2013 மே மாதம் இஸ்லாமாபாத் தெருவில் காரை மறித்துச் சுட்டுக் கொன்றார்கள். பேநசீர் கொலை வழக்கும் அவர் கையில்தான் இருந்தது. அந்த வாய்தாவுக்குப் போய்க்கொண்டிருந்தார். அதனால் எந்த வழக்குக்காகக் கொன்றார்கள் என்று அடித்துச் சொல்ல முடியாது.

குரல் மாதிரி விவகாரம் இன்னும் சுவாரஸ்யம். தாக்குதல் நடந்த இரவுகளில் கராச்சியிலிருந்து போனில் கட்டளை கொடுத்தவர்களின் பேச்சு இந்தியாவிடம் பதிவாகி இருக்கிறது. அதில் ஒரு குரல் லக்வியுடையதா என்று ஒப்பிட அவருடைய குரல் மாதிரி வேண்டும். கட்டாயப்படுத்தி எடுக்க எங்கள் சட்டத்தில் இடமில்லை என்று பாகிஸ்தான் சொல்லிக்கொண்டே வந்தது. 2015 ஜூலையில் ரஷ்யாவின் ஊஃபா நகரில் மோடியும் நவாஸ் ஷெரிப்பும் வெளியிட்ட கூட்டறிக்கையில் குரல் மாதிரி என்ற சொல்லே இடம்பெற்றது. ஆனாலும் மாதிரி வரவில்லை. சாக்கு என்று நாம் சிரித்தோம். ஆனால் அப்போது நம் சட்டத்திலும் அது தெளிவாக இல்லை. 2012இல் ரித்தேஷ் சின்ஹா வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் இதே கேள்வியில் ஆளுக்கொரு தீர்ப்பு எழுதினார்கள். 2019 ஆகஸ்டில்தான் மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம் என்று மூன்று நீதிபதிகள் அமர்வு முடிவுகட்டியது. சட்டப் புத்தகத்தில் அது ஏறியது 2023ஆம் வருட புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில். அடுத்தவன் சட்டத்தில் ஓட்டை என்று சொல்லும்போது நம்முடையதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

இதனால் பாகிஸ்தான் பக்கம் குற்றமில்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். லக்வியை மாட்டவைக்கும் ஆதாரம் உண்மையில் அவர்கள் மண்ணில்தான் இருந்தது. இதைச் சொன்னவர் இந்தியர் அல்ல. பாகிஸ்தானின் மத்தியப் புலனாய்வு அமைப்புக்குத் தலைவராக இருந்த தாரிக் கோசா, 2015 ஆகஸ்டில் அவர்கள் ஊர்ப் பத்திரிகையிலேயே எழுதினார். சிந்து மாகாணம் தட்டாவில் பயிற்சி முகாம் கண்டுபிடிக்கப்பட்டது, மும்பையில் கிடைத்த வெடிபொருள் உறைகளோடு அங்கே கிடைத்தவை ஒத்துப்போயின, பயங்கரவாதிகள் போன மீன்பிடிப் படகு கரைக்குத் திரும்பி வந்து பெயின்ட் மாற்றப்பட்டிருந்தது, ரப்பர் படகின் எஞ்சினை அதன் எண்ணை வைத்துக் கராச்சி விளையாட்டுப் பொருள் கடைவரை தேடிப் பிடித்தார்கள், கட்டளை அறை எது என்றும் தெரிந்தது என்றார். எஞ்சின் எண், கடை, வாங்கினவன்: வாக்குமூலத்தைவிட இதுதான் கோர்ட்டில் நிற்கும் சரக்கு. இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு முடிக்காமல் விட்டால், அதற்குப் பெயர் சட்டச் சிக்கல் இல்லை.

இனி தீர்மானத்தின் விளைவுக்கு வருவோம். தீர்மானம் நிறைவேறிய அதே நாளில் பாகிஸ்தான் அரசு லக்வியைப் பொது ஒழுங்குச் சட்டத்தின் கீழ் தடுப்புக் காவலில் வைத்தது. ஜாமீன் கிடைத்தவன் மீது குண்டர் சட்டம் போடுவதைப் பார்த்துப் பழகிய நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. நம் தீர்மானத்தால்தான் நடந்தது என்று சிலர் மார்தட்டினார்கள். எனக்குச் சந்தேகம்தான். பெஷாவரில் சவப்பெட்டிகள் வரிசையாக இருக்கும்போது லஷ்கர் தளபதியை வாசலில் மாலை போட்டு வரவேற்கும் காட்சியை எந்த அரசும் விரும்பாது. அமெரிக்க நெருக்கடியும் இருந்தது. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. நிச்சயமாகத் தெரிந்தது அடுத்த கட்டம்: இஸ்லாமாபாத் உயர் நீதிமன்றம் டிசம்பர் 29இல் அந்தக் காவலை நிறுத்திவைத்தது, ஜனவரியில் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்கொடுத்தது, மார்ச்சில் மறுபடி ரத்து, மறுபடி காவல், கடைசியில் லாகூர் உயர் நீதிமன்றம் தலையிட்டு 2015 ஏப்ரல் 10இல் லக்வி வெளியே வந்தார். நம் தீர்மானம் பிறந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. ஜாமீன் பணம் எங்கிருந்து வந்தது, சொத்து முடக்கத்தில் உள்ளவருக்கு அது எப்படிக் கிடைத்தது என்று இந்தியா ஐ.நா. தடைக் குழுவில் கேட்டது. நல்ல கேள்வி அது, வக்கீல் புத்தியுள்ள கேள்வி. ஜூனில் சீனா அதைத் தடுத்துவிட்டது.

லக்வியை மறுபடி உள்ளே தள்ளியது நாடாளுமன்றம் இல்லை, பணக் கணக்கு. பயங்கரவாத நிதியைக் கண்காணிக்கும் எஃப்.ஏ.டி.எஃப். அமைப்பு 2018 ஜூனில் பாகிஸ்தானைச் சாம்பல் பட்டியலில், அதாவது கூடுதல் கண்காணிப்பில் உள்ள நாடுகளின் பட்டியலில், வைத்தது. வெளிநாட்டுக் கடனும் வங்கிப் பரிமாற்றமும் இடிக்க ஆரம்பித்தன. 2020 பிப்ரவரியில் லஷ்கரின் நிறுவனர் ஹபீஸ் சயீத்துக்குத் தண்டனை. 2021 ஜனவரி 2இல் லக்வி கைது, 8ஆம் தேதி தீர்ப்பு, ஐந்து வருடச் சிறை. ஒரே வாரம்! மும்பை வழக்கில் அத்தனை வருடம் முடியாதது, நிதி வழக்கில் ஆறு நாளில் முடிந்தது. மும்பைத் தாக்குதலை இயக்கியவர்களில் ஒருவர் என்று தேடப்பட்டு, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட சாஜித் மீருக்குக்கூட 2022இல் தண்டனை கிடைத்தது. அந்த வருடம் அக்டோபரில் பட்டியலிலிருந்து பாகிஸ்தான் வெளியே வந்தது. ஆனால் கவனியுங்கள், இவையெல்லாம் நிதி திரட்டிய குற்றத்துக்கான தண்டனைகள். சிஎஸ்டி ரயில் நிலையத்திலும் தாஜ் ஹோட்டலிலும் செத்தவர்களுக்காக அந்த நாட்டில் யாருக்கும் இதுவரை தண்டனை இல்லை.

நாடாளுமன்றத்துக்கு வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அது தீர்மானம் போடுவதில் இல்லை, சட்டம் செய்வதில் இருக்கிறது. அமெரிக்க காங்கிரஸ் 2016 செப்டம்பரில் ஒபாமாவின் வீட்டோவையும் மீறி, செனட்டில் 97க்கு 1 என்ற கணக்கில், ஜாஸ்டா என்ற சட்டத்தைக் கொண்டுவந்தது. தங்கள் மண்ணில் நடந்த பயங்கரவாதத்துக்கு உதவிய வெளிநாட்டு அரசின் மீது பாதிக்கப்பட்டவர்களே வழக்குப் போடலாம் என்பது அதன் சாரம். செப்டம்பர் 11 குடும்பங்கள் சவூதி மீது வழக்கு நடத்துவது இதன் பலத்தில்தான். மும்பையில் இறந்த அமெரிக்கர்களின் குடும்பங்களும் அதற்கு முன்பே நியூயார்க்கில் பாகிஸ்தான் உளவு அமைப்பான ஐ.எஸ்.ஐ. மீது வழக்குப் போட்டன. ஆனால் 2012 டிசம்பரில் அமெரிக்க அரசே, அந்த அமைப்புக்கு விலக்குரிமை உண்டு என்று கோர்ட்டில் சொன்னது. நம் ஊரில் மும்பைக் குடும்பம் ஒன்று பாகிஸ்தான் அரசின் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட நினைத்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 86ஆம் பிரிவு குறுக்கே நிற்கும்: மத்திய அரசின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளிநாட்டு அரசின் மீது வழக்கே கிடையாது. அதைத் திருத்தும் அதிகாரம் அன்று மேஜை தட்டிய அதே சபைக்கு இருக்கிறது. திருத்தினால் நாளைக்கு நம் மீதும் யாராவது அதே போல் வழக்குப் போடலாம், தீர்ப்பு வந்தாலும் வசூல் ஆகாது என்ற எதிர்வாதங்கள் உண்டு, அவை லேசானவை அல்ல. ஆனாலும் அப்படி ஒரு விவாதம் நடந்திருந்தால், அதை ஒரு தீர்மானத்தைவிடப் பெரிதாக மதித்திருப்பேன்.

மும்பை வழக்குக்கு இன்னும் தேவைப்படுவது அலுப்பூட்டும் வேலைகள். 2016இல் பாகிஸ்தான், இந்திய சாட்சிகள் 24 பேரை இஸ்லாமாபாத் அனுப்பும்படி கேட்டது. பாதுகாப்பை நினைத்தால் யாரும் தயங்குவார்கள், அவர்கள் போகவில்லை. அதே வருடம், தாக்குதலுக்காக மும்பையை வேவு பார்த்த டேவிட் ஹெட்லி அமெரிக்கச் சிறையிலிருந்து வீடியோ வழியே மும்பை கோர்ட்டில் சாட்சியம் சொல்லி, லக்வியின் பெயரையும் சொன்னார். அவரைக் குறுக்கு விசாரணை செய்தவர் மும்பையில் குற்றம் சாட்டப்பட்ட அபு ஜுந்தாலின் வக்கீல், லக்வியின் வக்கீல் அல்ல. ஆக 2012இல் இடித்த அதே சுவர்தான் இதிலும் இடிக்கும். வீடியோவில் மும்பைக்குச் சாட்சியம் வந்தது போல, லக்வியின் வக்கீலும் கேள்வி கேட்கும்படி இஸ்லாமாபாத்துக்கும் வர ஏற்பாடு செய்தால் அந்தத் தடை விலகும். 2025 ஏப்ரலில் ஹெட்லியின் கூட்டாளி தஹாவூர் ராணா அமெரிக்காவிலிருந்து டெல்லிக்குக் கொண்டுவரப்பட்டிருக்கிறார். அந்த வழக்கில் பதியப்படும் சாட்சியம் ஒவ்வொன்றும் எல்லைக்கு அந்தப் பக்கமும் செல்லுபடியாகும் விதத்தில் பதியப்படுகிறதா என்பதைத்தான் நான் கவனித்துக்கொண்டிருப்பேன்.